டிசம்பரில வேண்டாம், மார்ச்சில வாங்கோ: வரங்கர் கரையில குளிர்காலப் பறவைகள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: ஒஸ்லோவில இருந்து டிசம்பர் லீவுக்கு மனுசியோட நோர்வேயின்ர வடகிழக்கு மூலையில கிடக்கிற வட்ஸோ ஊர்ப் பக்கம் வந்து ஒரு கிழமை நிண்டு பறவை பாக்கலாமோ, கார் ஓடாமல் சமாளிக்கலாமோ, கையில ஒரு 8×42 பைனாகுலர் மட்டும்தான் கிடக்கு அது காணுமோ, மனுசிக்குக் குளிர் ஒத்துவராது என்ன செய்யிறது. நான் இந்த வரங்கர் ஃபியூர்க் கரையில (ஃபியூர் எண்டா நிலத்துக்குள்ள நீட்டுக்கு ஓடின கடல்) 25 வருசத்துக்கு மேல இருக்கிறன், வந்தது மீன் பக்டரி வேலைக்கு, பறவை பாக்கத் தொடங்கினது பேந்து. விஞ்ஞானி ஒண்டுமில்லை, ஆனா எது எங்க நிக்கும் எப்ப நிக்கும் எண்டது கொஞ்சம் தெரியும். நீட்டாத்தான் எழுதப் போறன், ஆறுதலா வாசியுங்கோ.

டிசம்பர் ரிக்கற் இன்னும் எடுக்கேல்லை எண்டா எடுக்காதேங்கோ. வட்ஸோ 70 பாகை வடக்கில கிடக்கு. நவம்பர் கடைசியில சூரியன் கீழ போனா ஜனவரி நடுப்பகுதி கழிஞ்சுதான் திரும்ப எட்டிப் பாக்கும். இடையில முழுக்கக் கும்மிருட்டு எண்டில்லை, மத்தியானத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும், படம் எடுக்கிற ஆக்களுக்கு அது பெரிய வடிவு, ஆனா அந்த வெளிச்சத்தில 200 மீற்றரில மிதக்கிற கறுப்புப் பொட்டு தாராவோ வலைமிதவையோ எண்டு பிரிச்சுச் சொல்லேலாது. பறவையள் அப்பவும் இங்கதான் நிக்குது, பாக்கத்தான் எங்களிட்ட வெளிச்சம் இல்லை. பெப்ரவரி நடுவில இருந்து கதை மாறும், மார்ச் 20 அளவில வேற எல்லா இடத்தையும் போல இங்கயும் பகலும் இரவும் சரிபாதி. அதுக்காக மார்ச் எண்டா வசந்தம் எண்டு நினைச்சிடாதேங்கோ, பனி முழங்கால் மட்டும் கிடக்கும், கடல்தாராக்கள் ஒண்டும் இன்னும் வெளிக்கிட்டிருக்காது. குளிர்காலப் பறவையும் வேணும் பகலும் வேணும் எண்டா ரெண்டும் சேந்து கிடைக்கிறது பெப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் முதல் ஒண்டு ரெண்டு கிழமை மட்டும்தான்.

இன்னொண்டு, மணிக்கூடு. இதைக் கனபேர் யோசிக்கிறேல்லை. நோர்வே முழுக்க ஒரே நேரம், ஆனா நாங்கள் சரியான கிழக்கு, வட்ஸோவுக்கு அங்கால இருக்கிற வார்டோ ஊர் 31 பாகை கிழக்கில கிடக்கு, அது இஸ்தான்புலையும் தாண்டின கிழக்கு. அதால சூரியன் இங்க 11 மணி தாண்டினவுடன உச்சிக்கு வந்திடும், ஒஸ்லோவில 12 கழிஞ்சு வாறது இங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல முந்தி. மார்ச் தொடக்கத்தில விடிய 6 அரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம், பின்னேரம் 4 மணியோட சூரியன் போயிடும். தெற்கில இருந்து வாற ஆக்கள் ஹொட்டேலில 9 மணிக்கு ஆறுதலாச் சாப்பிட்டு, கோப்பி குடிச்சு, உடுப்புக்கு மேல உடுப்புப் போட்டு 10 அரைக்கு வெளிக்கிடுவினம், ரெண்டு இடம் பாக்க வெளிச்சம் சாயத் தொடங்கிடும், பேந்து பறவையே இல்லை எண்டு குறை சொல்லுவினம். வெள்ளண எழும்புங்கோ. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கோ. மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூடு மாத்தினாப் பிறகு கொஞ்சம் கூட நித்திரை கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு குளிருக்க இதுகள் இங்க வருது எண்டு மனுசி கேப்பா, எல்லாரும் கேக்கிறதுதான். எங்களுக்கு இது உலகத்தின்ர வடக்கு ஓரம், அதுகளுக்கு இதுதான் தெற்கு மாதிரி. ஸ்டெல்லர் ஈடர், கிங் ஈடர் எண்ட கடல்தாராக்கள் எல்லாம் முட்டை இடுறது சைபீரியாவின்ர வடக்கு ஓரத்தில, அங்க குளிர்காலத்தில கடல் கல்லா உறைஞ்சிடும், தாரா முங்கிப் போய்ச் சாப்பிட வழி இல்லை. இங்க அத்திலாந்திக்கில இருந்து வாற வெதுவெதுப்பான நீரோட்டம் கரை வழிய பரன்ஸ் கடல் வரைக்கும் ஏறி வாறதால கடல் திறந்து கிடக்கும், ஃபியூரின்ர உள்முனை மட்டும் சில வருசம் உறையும். அதால தெற்க போகாமல் மேற்க வருதுகள். நாங்களும் ஒரு மாதிரி சாப்பாடு தேடி வழி மாறி வந்து சேந்த ஆக்கள்தானே, அதாலயோ என்னவோ எனக்கு உந்தத் தாராக்களில ஒரு பட்சம்.

இனி பறவை. நீங்கள் கட்டாயம் பாக்க வேண்டியது ஒண்டே ஒண்டு எண்டா ஸ்டெல்லர் ஈடர், நோர்வே மொழியில ஸ்டெல்லரான்ட். ஐரோப்பாவில இதைக் குளிர்காலத்தில நம்பிப் பாக்கக்கூடிய இடம் மிச்சம் குறைவு, அதில முதல் இடம் இந்த வரங்கர்தான். சாதாரண ஈடர் 2 கிலோ கிட்ட வாற பெரிய தாரா, இது 1 கிலோவைத் தொடுறதே கஷ்டம். ஆண் ஒருக்கா வடிவாப் பாத்தா மறக்காது: வெள்ளைத் தலை, கண்ணைச் சுத்திக் கறுப்பு, பின்தலையில பாசிப்பச்சையில ஒரு சின்னக் கொண்டை, ஆரோ விரலால தொட்டுவிட்ட மாதிரி, கழுத்தில கறுப்புப் பட்டி, நெஞ்சும் வயிறும் பழுத்த தோடம்பழத்தை விடக் கொஞ்சம் வெளிறின நிறம். நெஞ்சின்ர ரெண்டு பக்கமும், தண்ணி தொடுற மட்டத்துக்குச் சற்று மேல, வட்டமா ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், தூரத்தில நிறம் ஒண்டும் தெரியாட்டிலும் அந்தப் பொட்டுத் தெரியும். பெண் கடும் மண்ணிறம், தூங்கினாப்போல ஒரு முகம், ஆனா செட்டையை உதறேக்க நீலப் பட்டியும் அதின்ர ரெண்டு கரையிலயும் வெள்ளைக் கோடும் பளிச்செண்டு தெரியும். பேர் வந்தது கெயோர்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர் எண்ட ஜேர்மன் இயற்கையாளராலை, 1741இல பேரிங் எண்ட கடலோடியின்ர கப்பலில அலாஸ்கா பக்கம் போன மனுசன். அதே மனுசன்ர பேரில ஒரு பெரிய கடல்பசுவும் இருந்தது, எங்கட மன்னார்க் கடலில இருக்கிற ஆவுளியாவின்ர சொந்தம், அவர் கண்டு 27 வருசத்துக்குள்ள சனம் வேட்டையாடி முடிச்சுப்போட்டுது. தாரா தப்பியிருக்கு, ஆனா உலக அளவில ஆபத்தில இருக்கிற இனம் எண்டுதான் அதையும் பட்டியலில போட்டிருக்கினம், நான் வந்த காலத்தில துறைமுகத்தில நிண்ட கூட்டத்துக்கும் இப்ப நிக்கிறதுக்கும் என்ர கண்ணுக்கே வித்தியாசம் தெரியுது.

அதை எங்க பாக்கிறது? வட்ஸோ ஊருக்குள்ளயே. பறவை தேடி மலைக்கும் முனைக்கும் ஓடத் தேவையில்லை, ஊருக்கு முன்னால வட்ஸோயா எண்டு ஒரு சின்னத் தீவு, பாலத்தால நடந்து போகலாம், 1926இல அமுண்ட்சன் ஆக்கள் வடதுருவத்துக்குப் போன நோர்கெ ஆகாயக் கப்பலைக் கயித்தால கட்டி நிப்பாட்டின இரும்புக் கோபுரம் இப்பவும் அங்க நிக்குது. புதுசா வாற எல்லாரும் விடுற பிழை என்னெண்டா ஊர்க்கரையில நிண்டு கடலைப் பாக்கிறது. வட்ஸோவில கடல் தெற்குப் பக்கம், மார்ச் சூரியன் தெற்கில பதிவா நிக்கும், எல்லாத் தாராவும் கறுப்பு நிழலாத்தான் தெரியும். தீவுக்குப் போய், சூரியனை முதுகுக்கு விட்டு, தீவுக்கும் ஊருக்கும் இடையில கிடக்கிற அந்தக் கால்வாய் மாதிரித் தண்ணியைத் திரும்பிப் பாருங்கோ. அதே தாரா, அதே தூரம், இப்ப கண்ணின்ர மினுக்கம் வரைக்கும் தெரியும்.

அங்க நிண்டு ஒரு கூட்டத்தைப் பிடிச்சா விடாதேங்கோ, அரை மணித்தியாலம் அதையே பாருங்கோ. ஸ்டெல்லர் கூட்டம் சேந்துதான் முங்கும். முன்னால ஒண்டு செட்டையைப் பாதி விரிச்சுத் தலைகீழாப் போகும், அடுத்த ரெண்டு செக்கனுக்குள்ள முப்பதும் போயிடும், தண்ணியில வட்ட வட்டமா வளையம் மட்டும் கிடக்கும், நீங்கள் பைனாகுலரை இறக்கி எங்கயடா போச்சு எண்டு பாப்பீங்கள். பேந்து ஒரு முகம் பொப் எண்டு மேல வரும், பிறகு ரெண்டு, பிறகு எல்லாம், ஒவ்வொண்டும் சொண்டால தண்ணி வழியத் தலையை ஆட்டிக்கொண்டு. சாப்பிடுறது பாசிக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன இறால் மாதிரிப் பூச்சியளும் குட்டி மட்டியும், அதாலதான் ஆழம் குறைஞ்ச கரையை விடுறேல்லை. கிட்டப் போக வேணும் எண்டு நடந்தியள் எண்டா அதுகள் அதே அளவு தூரம் விலத்தும். ஒரு படகு வலிச்சுப் போட்டிருக்கிற இடத்தில, வலைக்குவியலுக்குப் பக்கத்தில, குந்தி இருந்தா 20 நிமிசத்தில தானாகக் கிட்ட வரும். இது நான் கனக்க வருசம் நடந்து நடந்து திரிஞ்சு பேந்து கண்டுபிடிச்ச விசயம்.

கிங் ஈடர், இங்கத்தைப் பேர் பிராக்த்ஆர்ஃபுகல், அலங்கார ஈடர் எண்ட மாதிரி. ஆணைப் பாத்தா ஆரோ பிள்ளை நிறப்பெட்டியைத் திறந்து விளையாடினது எண்டுதான் நினைப்பீங்கள், தலை நீலச்சாம்பல், கன்னம் இளம்பச்சை, சொண்டு சிவப்பு, நெத்தியில ஒறேஞ் நிறத்தில பெரிய புடைப்பு அதைச் சுத்திக் கறுப்புக் கோடு. தூரத்தில நிறத்தை நம்பாதேங்கோ, முதுகைப் பாருங்கோ: சாதாரண ஈடர் ஆணுக்கு முதுகு வெள்ளை, கிங் ஆணுக்கு முதுகு கறுப்பு, முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கறுப்பு எண்டு பாதியாப் பிரிச்ச மாதிரி இருக்கும், முதுகில முக்கோணமா ரெண்டு சின்னப் பாய் தூக்கிக்கொண்டு நிக்கும். பெண்ணிலதான் எல்லாரும் தடுமாறுறது. சாதாரண ஈடர்ப் பெண்ணின்ர முகம் ஆப்பு மாதிரி நீண்டு சரிஞ்சு வரும், உடம்பில குறுக்குக் கோடு. கிங் பெண்ணுக்கு முகம் கட்டை, வாய் ஓரம் மேல வளைஞ்சு சிரிக்கிற மாதிரி, விலாவில கோடு இல்லை, பிறை பிறையா அடுக்கின மாதிரி. அந்தச் சிரிப்பு ஒருக்கா மனசில பதிஞ்சா பிறகு 300 ஈடருக்குள்ளயும் தேடி எடுப்பீங்கள். மார்ச், ஏப்ரலில லொட்டெ மீன் முட்டை போடக் கரைக்கு வரும், அந்த முட்டைக்குப் பின்னால கிங் ஈடரும் கூட்டமா வரும், சரியான நாள் அமைஞ்சா கரையே கறுப்பும் வெள்ளையுமாக் கிடக்கும்.

கண்ணால பாக்க முந்திக் காதால பிடிக்கிற ஒண்டும் இருக்கு, ஹவெல்லெ எண்ட தாரா. நீண்ட வால், வெள்ளையும் மண்ணிறமும், ஆணின்ர சொண்டில றோஸ் பட்டி. காத்து விழுந்த விடியக்காலையில துறைமுகத்தில நிண்டா ஆ-ஆ-ஆவ்லிக் எண்டு நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுறவர் குரலைப் பழகிற மாதிரி ஒரு சத்தம் தண்ணிக்கு மேலால வரும், ஒருத்தர் தொடங்க மற்றவை பிடிப்பினம். என்னைக் கேட்டா கிங் ஈடரை விட எனக்கு இதுதான் பெரிசு, ஆனா படம் எடுக்க வாற ஆக்கள் இதை ஏறெடுத்தும் பாக்கிறேல்லை.

கடற்காகத்தைப் பற்றிச் சொல்லாட்டி நான் பக்டரியில நிண்டதில அர்த்தமில்லை. நான் முதல் குளிர்காலம் ஃபிலே வெட்டுற லைனில நிண்டனான், இடைவேளைக்குப் பின்கதவால வெளியில வந்தா கழிவு போற பக்கம் முழுக்கக் கடற்காகம், எனக்கு எல்லாம் ஒரே வெள்ளைக் காகம். ஒரு நோர்வேக் கிழவர் கூட வேலை செய்தவர், அவர் ஒரு நாள் சிகரெட்டால சுட்டிக் காட்டி, அதின்ர செட்டை நுனியைப் பார் எண்டார். மற்ற எல்லாத்துக்கும் நுனியில கறுப்பு, அதுக்கு மட்டும் இல்லை, முழுக்க வெள்ளை. அதுதான் பொலார்மோக, துருவக் கடற்காகம். அண்டைக்குத் தொடங்கினதுதான் இந்த வருத்தம். இண்டைக்கும் படகு வந்து மீன் இறக்கேக்க போய் நில்லுங்கோ, பெரிய கறுப்பு முதுகுக்காரன் ஸ்வார்த்பாக், சாம்பல் முதுகுக்காரன் குரோமோக, இதுகளுக்குள்ள நுனி வெளிறினதைத் தேடுங்கோ. இளசு எண்டா உடம்பு பால்தேத்தண்ணி நிறம், சொண்டு றோஸ், நுனி மட்டும் மையில தோய்ச்ச மாதிரி. அதே மாதிரி ஆனா சின்ன உருவம், பவ்வியமான முகம், செட்டை வாலைத் தாண்டி நீண்டு கிடந்தா அது குரோன்லாண்ட்ஸ்மோக, இன்னும் அருமை. இதுக்குப் பொறுமை வேணும், எல்லாருக்கும் பிடிக்காது, மனுசியை இதில நிப்பாட்டி வைக்காதேங்கோ.

கல்லுக்கரையில, தண்ணி வத்தினாப் பிறகு, பாசிக்கு மேல சாம்பல் நிறத்தில உருண்டை உருண்டையா ஏதும் அசைஞ்சா அது ஃபியாரெபிளித், ஒரு உள்ளான். காலும் சொண்டடியும் மஞ்சள். மற்ற உள்ளான் எல்லாம் ஆபிரிக்கா, தெற்கு ஐரோப்பா எண்டு போக இது மட்டும் இங்க அலை அடிக்கிற கல்லில குளிர்காலம் முழுக்க நிக்கும். தண்ணி ஏறினா அலைதடுப்புக் கல்லில வரிசையா ஒதுங்கி இருக்கும், கல்லோட கல்லாத் தெரியும், ஒண்டு கண்ணை மூடித் திறக்கேக்கதான் ஓ அறுபது நிக்குதே எண்டு விளங்கும். தெயிஸ்த் எண்டு ஒரு சின்னக் கடற்பறவை, கோடையில கறுப்பு, குளிர்காலத்தில வெளிறிச் சாம்பலும் வெள்ளையும், செட்டையில வெள்ளை வட்டம் மட்டும் எப்பவும் மாறாது. நீர்க்காகம் ரெண்டு வகை. வெள்ளைவால் கடற்கழுகு கட்டாயம் பாப்பீங்கள், செட்டை விரிச்சா 2 மீற்றருக்கு மேல, நோர்வேயில முந்தி இதைச் சுட்டா காசு குடுத்தவை, 1968இலதான் பாதுகாத்தவை. அமைதியா நிண்ட தாராக் கூட்டம் திடீரெண்டு நெருங்கி ஒண்டாச் சேந்தா நிமிந்து மேல பாருங்கோ, கழுகு வருது எண்டு அர்த்தம். அதே கூட்டம் பதறித் தண்ணியை விட்டே எழும்பினா யாக்ட்பால்க் எண்ட வெள்ளைச்சாம்பல் பெரிய வல்லூறாக்கூட இருக்கலாம், அது அதிர்ஷ்டம், எனக்கே எல்லா வருசமும் கிடைக்கிறேல்லை.

வட்ஸோவில ரெண்டு மூண்டு நாள் நிண்ட பிறகு வார்டோவுக்குப் போங்கோ, கிழக்கால 75 கிலோமீற்றர் அளவு, ஈ75 றோட்டாலதான், அந்த றோட்டின்ர மற்ற முனை கிரேக்கத்தின்ர கிரீட் தீவில கிடக்கு. வழியில எக்கரோய், கிபெர்க் ரெண்டிலயும் இறங்கிப் பாக்கலாம். வார்டோ ஒரு தீவு, 1982இல கடலுக்குக் கீழால சுரங்கம் வெட்டினவை, நோர்வேயின்ர முதல் கடலடிச் சுரங்கம் அது. அங்க துறைமுகத்தில இருந்து ஹோர்னோயா எண்ட பறவைத் தீவுக்கு மார்ச்சில இருந்து படகு போகும், சின்ன ஓட்டம்தான், பத்து நிமிசம் அளவு. லொம்வி, பொலார்லொம்வி, ஆல்கெ எண்ட கடற்பறவையள் எல்லாம் கடலில குளிர்காலத்தைக் கழிச்சுப்போட்டு மலைச்சுவருக்குத் திரும்பி வாற நேரம் அது, பனி ஒட்டின விளிம்பில தோளோட தோள் முட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில நிக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை, மார்ச்சில அதுகள் இன்னும் நிரந்தரமாக் குடி வரேல்லை, ஒரு நாள் சுவர் முழுக்க நிக்கும், அடுத்த நாள் ஒண்டும் இராது, எல்லாம் கடலுக்குப் போயிருக்கும். அதால வார்டோவில ஒரு இரவு மட்டும் போடாமல் ரெண்டு இரவு போடுங்கோ. பஃபின் எண்டு சொல்லுற லுண்டெதான் மனுசிக்குக் காட்ட ஆசை எண்டா ஏப்ரல் பக்கம் தள்ளி வாறது நல்லது.

போட்ஸ்ஃபியூர் எண்ட ஊரைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீங்கள், துறைமுகத்துக்குள்ள மிதக்கிற மறைவிடம் ஒண்டு இருக்கு, தண்ணி மட்டத்தில இருந்து கிங் ஈடரைக் கைக்கெட்டின தூரத்தில படம் எடுக்கலாம், முந்தியே புக் பண்ண வேணும். பெரிய லென்ஸ் இருக்கிற ஆக்களுக்கு அது சொர்க்கம், பைனாகுலரோட வாற உங்களுக்கு அந்தக் காசு வீண் எண்டது என்ர எண்ணம். அதோட அங்க போற மலைறோட் குளிர்காலத்தில காத்தடிச்சா பூட்டுவினம், இல்லாட்டி கொலொன எண்டு பனிதள்ளுற வண்டிக்குப் பின்னால வரிசையா விடுவினம். வெளிக்கிட முந்தி 175க்கு அடிச்சோ, வேக்வெசன் எண்ட றோட்டுத் திணைக்களத்தின்ர இணையப் பக்கத்திலயோ பாக்காமல் வெளிக்கிடாதேங்கோ. புயல் நாளில வார்டோ றோட்டும் அப்பிடித்தான்.

கார் இல்லாமல் எண்டு கேட்டீங்கள். ஏலும், ஆனா ஊர் ஊரா நிக்கிற மாதிரிப் போட வேணும். வீடரோ சின்ன விமானம் வட்ஸோ, வார்டோ, போட்ஸ்ஃபியூர் மூண்டிலயும் இறங்கும், பெரிய விமானம் ஷிர்க்கனெஸுக்கு. ஸ்னெலாண்டியா பஸ் ஓடுது, ஆனா ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணுற தரம்தான், சனி ஞாயிறு இன்னும் மோசம். கரையோரக் கப்பலும் இருக்கு, அது வடக்க போகேக்கதான் வட்ஸோவில நிக்கும், ஷிர்க்கனெஸில இருந்து திரும்பேக்க நேர வார்டோவுக்குப் போயிடும், இதைப் பாக்காமல் ரிக்கற் எடுத்துப்போட்டு நிண்ட ஆக்களைக் கண்டிருக்கிறன். வட்ஸோவும் வார்டோவும் நடந்தே முழுக்கப் பாக்கக்கூடிய ஊர், அதால இந்த ரெண்டை மட்டும் பிடிச்சா கார் தேவையில்லை. கார் எடுத்தா முள்ளு ரயர் போட்டதாக் கேளுங்கோ, இங்க ஒக்டோபர் 16இல இருந்து ஏப்ரல் 30 மட்டும் அதுக்கு அனுமதி. காரின்ர பெரிய லாபம் அது மறைவிடம், பறவை காருக்குப் பயப்பிடாது, ஆக்களுக்குத்தான் பயப்பிடும். ஆனா கண்ணாடியை இறக்கிப்போட்டு ஹீற்றரைப் போட்டு வைச்சிருந்தா உள்ளுக்க இருந்து போற சூடு வெளிக்குளிரில பட்டு எல்லாம் தண்ணிக்குள்ளால பாக்கிற மாதிரி ஆடும், பைனாகுலர் பிழை எண்டு நினைப்பீங்கள். ஹீற்றரை நிப்பாட்டி அஞ்சு நிமிசம் விடுங்கோ, தெளிஞ்சிடும்.

8×42 நல்லாவே காணும். 10 மடங்கு வாங்காததுக்குக் கவலைப்படாதேங்கோ, காத்துக்க கை நடுங்கேக்க 8தான் நிலையா நிக்கும். ஸ்கோப், அதாவது முக்காலியில வைக்கிற தொலைநோக்கி, இருந்தா தூரத்து ஃபியூரைப் பாக்கலாம், நல்லது, ஆனா துறைமுகத்துக்குத் தேவையில்லை. முக்கியமானது வேற: குளிரில இருந்து வந்தவுடன பைனாகுலரைச் சூடான அறைக்குள்ள கழட்டி வைக்காதேங்கோ. என்ர முதலாவது பைனாகுலரை அடுப்புக்குப் பக்கத்தில மேசையில வைச்சனான், மலிவுச் சாமான், அடுத்த நாள் விடிய உள்ளுக்க புகார் பிடிச்சு ஒரு கண் முழுக்க வெள்ளை, அதோட அது சரி. வெளியில நிக்கேக்கயே பைக்குள்ள போட்டு சிப்பைப் பூட்டி, பையோட வீட்டுக்குள்ள கொண்டு வந்து, ரெண்டு மூண்டு மணித்தியாலம் திறக்காமல் விடுங்கோ. கண்வில்லைக்கு மேல மூச்சு விடாதேங்கோ, உடன உறையும். கமெரா பற்றரி உள் ஜக்கெற்றுக்குள்ள, உடம்போட.

பறவைக்காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை. 2023 கோடையில வட்ஸோவில க்ரிக்கெ எண்ட சின்னக் கடற்காகம் ஆயிரக்கணக்கில செத்து விழுந்தது, கரையில, றோட்டில, வீட்டு வாசலில, ஊர்ச்சனம் அதை இன்னும் மறக்கேல்லை. செத்தது, சாகக் கிடக்கிறது எதையும் தொடாதேங்கோ, கனக்கக் கண்டா மத்தில்சீன் எண்ட உணவுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. கூட்டத்தைக் கிட்டக் கொண்டுவர எண்டு ட்ரோன் விடுறது, கல்லெறியிறது, படகால துரத்துறது ஒண்டும் வேண்டாம், குளிருக்க ஒருக்கா பதறிப் பறக்கிறது அதுக்கு ஒரு சாப்பாட்டு நேரம் போனதுக்குச் சமன். அண்டண்டைக்கு ஆர் எங்க என்ன கண்டவை எண்டு பாக்க ஆர்ட்ஸ்ஒப்சர்வாஷோனர் எண்ட நோர்வேப் பதிவுத்தளம் இருக்கு, முதல் நாள் இரவு அதைப் பாத்திட்டுப் படுங்கோ.

கூட ரெண்டு நாள் இருந்தா ஷிர்க்கனெஸுக்குத் தெற்க பாஸ்விக் பள்ளத்தாக்கு, அது கடல் இல்லை, பைன் காடு, தீனித்தட்டில கொங்க்ளெபித் எண்ட சிவப்புக் குருவி, லாவ்ஸ்க்ரிக்க எண்ட சைபீரியக் காட்டுப்பறவை எல்லாம் வரும். ஆறு ரஷ்ய எல்லை, உறைஞ்சு கிடக்கு எண்டு ஐஸில இறங்கி அந்தப் பக்கம் கால் வைச்சிடாதேங்கோ, விளையாட்டில்லை.

கடைசியா மனுசியின்ர குளிர். இங்க மார்ச்சில பாகை பெரிசா இறங்காது, ஒஸ்லோவுக்கு உள்பக்கம் இதை விடக் குளிரும், ஆனா காத்து இருக்கே, அது எலும்புக்க போகும். தோலோட ஊல் உள்ளுடுப்பு, பருத்தி வேண்டாம். அதுக்கு மேல காத்துப் புகாத ஜக்கெற். சப்பாத்து ஒரு அளவு பெரிசா வாங்கி ரெண்டு சோடி ஊல் சொக்ஸ், சப்பாத்துக்குக் கீழ கட்டுற முள்ளு, இங்க புரொடர் எண்டுவினம், அது இல்லாமல் துறைமுகத்தில கால் வைக்காதேங்கோ, ஈரம் உறைஞ்ச மரப்பலகையில நான் ரெண்டு தரம் விழுந்தனான். மெல்லிய கையுறைக்கு மேல பெரிய கையுறை. இருக்கிறதுக்கு ஒரு ஸ்பொஞ்ச் துண்டு, இங்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் கொண்டு திரியிறது, கடையில சித்தெஉண்டர்லாக் எண்டு கேளுங்கோ. கரை வழிய சில இடத்தில காத்து மறைக்கிற மரக் கொட்டிலுகள் கட்டிவிட்டிருக்கினம், அதுக்குள்ள அவவை இருத்தி, பிளாஸ்கில இஞ்சி போட்ட தேத்தண்ணியைக் குடுத்து, பைனாகுலரையும் அவவின்ர கையில குடுத்திட்டு நீங்கள் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கோ. முப்பது தாரா ஒண்டா முங்கி ஒண்டா மேல வாறதை ஒருக்கா அவ பாத்தா, பேந்து பைனாகுலர் உங்களிட்டத் திரும்பி வாறது கஷ்டம், ரெண்டாவதாக ஒண்டு வாங்க இப்பவே காசு எடுத்து வையுங்கோ.